‘போனேர்’ எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ஸ்பெயினில் ஒரு வீட்டுக்குள் காலையிலிருந்து இரவுவரை அதிகம் காதில் விழும் வினைச்சொற்களில் ஒன்று போனேர். அலாரம் வைப்பதற்கும், சலவை மெஷின் போடுவதற்கும், சட்டை மாட்டிக்கொள்வதற்கும், தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறுவதற்கும் அதுதான். பெரும்பாலோர் இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் ‘ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்தல்’ என்ற ஒற்றைப் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். மீதி எல்லாம் தனித்தனி விதிவிலக்காகத் தோன்றி, மனப்பாடப் பட்டியலாக நீள்கிறது.

தமிழருக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நம்மிடம் ‘போடு’ இருக்கிறது, அதற்குத் துணையாக ‘வை’ இருக்கிறது. டிவி போடு, பாட்டு போடு, ஊசி போடு, அபராதம் போடு, முட்டை போடு, மார்க் போடு, மெசேஜ் போடு, கடை போடு: இவை எட்டும் ஸ்பானியத்தில் போனேர்தான். அலாரம் வை, குழந்தைக்குப் பெயர் வை, அடுப்பில் பாத்திரம் வை: இவை மூன்றும்கூட. ஆகவே ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தமிழிலிருந்தே போனேருக்குள் நுழையுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். மீதிப் பாதி, இந்த இரண்டு மொழிகளும் பிரியும் இடங்களில் வருவது. உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். உயிருக்கு நடுவே வரும் வல்லின த-வை ‘த்த’ என்று எழுதியிருக்கிறேன். மாட்ரிட் பக்கம் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஒலிக்கும் எழுத்தை, லத்தீன் அமெரிக்காவில் ஒலிப்பதுபோல் ‘ச’ என்றே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: ‘போன் லா மேசா’ என்றார்கள்; மேசையை எங்கே நகர்த்துவது என்று தெரியாமல் நிற்கிறீர்கள்

மேசையை நகர்த்த வேண்டாம். தட்டு, கரண்டி, டம்ளர், நாப்கின், ரொட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துச் சாப்பாட்டுக்குத் தயார் செய்யச் சொல்கிறார்கள். நாம் ‘இலை போடு’ என்று சொல்வதும் இதுவும் ஒரே கட்டுமானம். இலையை எங்கே போடுவது என்று யாரும் கேட்பதில்லை. பந்தி தொடங்கப் போகிறது என்று புரிந்துகொள்கிறோம்.

சோதித்துப் பார்க்க வேண்டியது ‘என்’ என்ற ஸ்பானிய இடைச்சொல் (நம் ‘-இல்’, ‘-மேல்’). ‘போன் எல் வாசோ என் லா மேசா’ என்றால் டம்ளரை மேசைமேல் வை. ‘என்’ இல்லாமல் நேராக ‘போன் லா மேசா’ என்றால் மேசையே செயப்படுபொருள்; அதைப் பயன்பாட்டு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் ‘போன் லா லவதோரா’ (மெஷினைப் போடு), ‘போன் லா தேலெ’ (டிவியைப் போடு), ‘போன் லா கலெஃபக்சியோன்’ (ஹீட்டரைப் போடு) எல்லாம் தானாக விளங்கும். ‘கே போனென் ஓய் என் லா தேலெ?’ என்று கேட்டால் ‘இன்னைக்கு டிவியில என்ன போடுறாங்க?’ அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ச்சொல் கித்தார். சாப்பிட்டு முடித்ததும் ‘கித்தா லா மேசா’, அல்லது ‘ரெக்கோஹே லா மேசா’ என்பார்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் ‘கித்தா லா தேலெ’. போனேரையும் கித்தாரையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்று வரும் வீட்டில் மற்றொன்று கட்டாயம் வரும்.

அறிகுறி: சட்டை போட்டேன் என்று சொன்னீர்கள், ‘எங்கே?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள்

நீங்கள் சொன்னது ‘பூசே லா கமீசா’. அவர்கள் காதில் அது ‘சட்டையை வைத்தேன்’ என்று விழுந்திருக்கிறது. எங்கே வைத்தீர்கள் என்ற செய்தி வராததால் வாக்கியம் பாதியில் நிற்கிறது.

இங்கே தமிழர் தடுமாறுவது எனக்கு வருத்தமாகவே இருக்கும், ஏனென்றால் தேவையான கருவி நம் கையிலேயே இருக்கிறது. ‘போட்டுக்கொண்டேன்’ என்கிறோமே, அந்தக் ‘கொள்’தான் ஸ்பானியத்தில் மே, தே, சே என்று வருவது. ‘மே பூசே லா கமீசா’: சட்டையைப் போட்டுக்கொண்டேன். ‘தே பூசிஸ்தே எல் அப்ரீகோ’: நீ கோட்டைப் போட்டுக்கொண்டாய். ‘சே பூசோ லோஸ் சபாத்தோஸ்’: அவள் ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

பிறருக்குச் செய்யும்போது நாம் ‘போட்டுவிட்டேன்’ என்போம். அங்கே லே வரும். ‘லே பூசே லா கமீசா அல் நீன்யோ’: பையனுக்குச் சட்டையைப் போட்டுவிட்டேன். கொள் என்றால் சே, பிறருக்கு என்றால் லே. வாயைத் திறக்கும் முன் தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். ‘போட்டுக்கொள்’ வருகிறதா, ‘போட்டுவிடு’ வருகிறதா? அதைப் பார்த்தே சரியான சொல்லைத் தேர்ந்துவிடலாம்.

இதை ஸ்பெயின் முழுக்க அறிந்த ஒரு முழக்கத்தை வைத்து நினைவில் நிறுத்தலாம். 1990-ல் ஆணுறைப் பயன்பாட்டை இளைஞர்களிடம் கொண்டுசெல்ல அந்நாட்டு அரசு ஒரு விளம்பர இயக்கம் நடத்தியது. அதன் முழக்கம் இரண்டே சொற்கள்: ‘போன்தேலோ, போன்செலோ.’ அதை நீ போட்டுக்கொள், அதை அவனுக்குப் போட்டுவிடு. எய்ட்ஸ் அச்சம் பரவியிருந்த காலத்தில், கத்தோலிக்க மரபில் ஊறிய ஒரு நாட்டில், அது கிளப்பிய விவாதம் பெரிது. இன்றும் நடுவயது ஸ்பானியரிடம் முதல் சொல்லைச் சொன்னால் இரண்டாவதை அவரே முடித்துவைப்பார்.

அந்த இரண்டாவது சொல்லில் உள்ள ‘சே’ நாம் மேலே பார்த்த ‘கொள்’ அல்ல. ‘லே’ தான் ‘சே’ ஆகியிருக்கிறது. லே-யும், ‘அதை’ என்று பொருள்படும் லோ-வும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முன்னது சே ஆகிவிடும். ‘லே லோ பூசே’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். ‘சே லோ பூசே’ என்பதே சரி.

இன்னொன்று. ‘மே போங்கோ மிஸ் சபாத்தோஸ்’ என்று ‘என் ஷூவை’ போட்டுக்கொள்ளாதீர்கள். மே என்பதிலேயே யாருடையது என்பது அடங்கிவிட்டது. ‘லோஸ் சபாத்தோஸ்’ போதும். தமிழிலும் ‘செருப்பைப் போட்டுக்கிட்டு வா’ என்கிறோமே தவிர ‘உன் செருப்பை’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம்தான் அந்த ‘என்’னை உங்கள் வாயில் திணிக்கிறது.

அறிகுறி: சிவப்புச் சட்டை போட்டிருக்கிறேன் என்றீர்கள், ‘சரி, முடிச்சிட்டு வா’ என்கிறார்கள்

ரயில் நிலையத்தில் யாரோ உங்களை அடையாளம் காண வேண்டும். தொலைபேசியில் ‘மே எஸ்தோய் போனியேந்தோ ஊனா கமீசா ரோஹா’ என்றிருப்பீர்கள். அதன் பொருள், இப்போதுதான் கையை நுழைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது. செயல் முடிந்து நிலை தொடர்வதைச் சொல்ல யெவார் என்ற வேறு வினை வேண்டும்: ‘யேவோ ஊனா கமீசா ரோஹா’. போனேரை விட மனமில்லை என்றால் அதன் எச்சத்தைச் சேர்த்து ‘யேவோ புவெஸ்தா ஊனா கமீசா ரோஹா’ எனலாம். புவெஸ்தா என்பது சட்டைக்கு இணங்கிப் பெண்பால் ஆகியிருப்பதைக் கவனியுங்கள். கோட்டாக இருந்தால் புவெஸ்தோ.

அறிகுறி: கடைக்காரர் ‘கே லே போங்கோ?’ என்கிறார், அவர் எதைப் போடப் போகிறார் என்று புரியவில்லை

‘உங்களுக்கு என்ன தரட்டும்?’ என்பதே கேள்வி. ஸ்பெயினில் காபிக் கடை, இறைச்சிக் கடை, காய்கறிக் கடை எங்கும் இதுதான் வரவேற்பு. நம்மூரில் தராசுத் தட்டை இழுத்துக்கொண்டே ‘என்ன போடட்டும்?’ என்பாரே காய்கறிக்காரர், அதேதான். ‘போங்கமே உன் கீலோ தே தொமாத்தெஸ்’ என்றால் ஒரு கிலோ தக்காளி போடுங்க.

காபி கேட்க மிக இயல்பான வடிவம் கேள்வி வடிவம்தான்: ‘மே போனே உன் கஃபே, போர் ஃபவோர்?’ வயதில் இளையவர், பழக்கமானவர் என்றால் ‘மே போனெஸ்’. ‘எனக்கு ஒரு காபி கிடைக்குமா’ என்று வளைத்துக் கேட்பது ஆங்கிலப் பழக்கம். அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை, கேட்டால் தவறுமில்லை, ஆனால் வெளியாள் என்று உடனே தெரியும்.

ஓர் எச்சரிக்கை, இதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. ‘மே போனெஸ்’ என்று சொல்லிவிட்டு என்ன வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். பொருள் எதுவும் சேராமல் தனியாக நின்றால் ஸ்பெயின் பேச்சுவழக்கில் அது காமக் கிளர்ச்சியைச் சொல்லும். காபியோ பழச்சாறோ, பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘தே போங்கோ மாஸ்?’ என்று கேட்பார்கள். ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா?’ நம் வீட்டுக் குரல் அப்படியே கேட்கும். தொலைபேசியிலும் இதே வினை வரும். ‘மே போனே கோன் லா தொக்தோரா?’ என்றால் டாக்டருக்கு லைன் கொடுங்கள். ‘அஓரா சே போனே’ என்றால் இதோ அவர் பேச வருகிறார். உடுப்பு மாற்றப் போகவில்லை.

அறிகுறி: ஒரு பலகையைக் காட்டி ‘கே போனே அக்கீ?’ என்கிறார்கள்

‘இங்கே என்ன போட்டிருக்கு?’ என்று தமிழாக்கினால் முடிந்தது. எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லக் கேட்கிறார்கள். ஆங்கிலம் வழியாக வருகிறவர் இங்கே முழுசாக மாட்டிக்கொள்வார். தமிழ்வழி வருகிறவருக்கு இது சிக்கலே அல்ல.

அறிகுறி: ‘போடு’ என்று எல்லா இடத்திலும் போனேரைப் பயன்படுத்துகிறீர்கள், சில இடங்களில் முகம் சுளிக்கிறார்கள்

இதுதான் தமிழருக்கே உரிய தவறு, இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் ‘போடு’வுக்குள் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பொருளை அதற்குரிய இடத்திலோ நிலையிலோ அமர்த்துவது. இன்னொன்று, கையிலிருந்து விடுவது, வீசுவது, சரிப்பது. முதலாவது போனேர். இரண்டாவதன் பெரும்பகுதி எச்சார் என்ற வினையிடம் போகிறது.

தபால் பெட்டியில் கடிதம் போடுவது எச்சார். வண்டிக்குப் பெட்ரோல் போடுவது ஸ்பெயினில் பெரும்பாலும் எச்சார். தாழ்ப்பாள் போடுவது எச்சார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ‘ஒரு தூக்கம் போடுவது’ எச்சார்சே ஊனா சியெஸ்தா. பேச்சில் ‘ஒரு கையெழுத்தைப் போடு’ என்பதற்குக்கூட எச்சார் ஊனா ஃபீர்மா உண்டு. குழம்பில் உப்புப் போடுவதற்கு இரண்டும் செல்லும், ஆனால் சமையலறையில் ‘எச்சாலே சால்’ என்பதே முதலில் வாயில் வரும். போடுவைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்ட இந்த இரு வினைகளையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படிப்பதே நல்லது.

குப்பையில் போடுவது திரார்: ‘தீரலோ ஆ லா பசூரா’. குப்பையை வெளியே கொண்டுபோய் வைப்பது சக்கார் லா பசூரா. துணி காயப் போடுவது தெந்தேர். வீட்டில் காபி போடுவது அசேர் கஃபே. காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால் மட்டும் போனேர் லா கஃபெத்தேரா. பாலை ஃபிரிட்ஜுக்குள் வைப்பதற்கு மெத்தேர் பொருத்தம், ஏனென்றால் அங்கே ‘உள்ளே’ என்பது முக்கியம். போனேர் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘கீழே போட்டுட்டேன்’. கைதவறி டம்ளர் உடைந்துபோனதும் ‘பூசே எல் வாசோ என் எல் சுவேலோ’ என்றால், டம்ளரை நிதானமாகத் தரையில் வைத்தேன் என்று பொருள். உடைந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைச் சொன்னால் கேட்பவருக்குத் தலைகால் புரியாது. சரியான வாக்கியம்: ‘சே மே ஆ கயீதோ எல் வாசோ’. டம்ளர் என்னிடமிருந்து விழுந்துவிட்டது. இதை மட்டும் வாக்கியமாகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் அடிக்கடி தேவைப்படும்.

அறிகுறி: ‘அவன் டாக்டர் ஆனான்’ என்பதற்கு ‘சே பூசோ மேதிக்கோ’ என்றீர்கள், திருத்துகிறார்கள்

போனேர்சே உடன் ஒரு பெயரடை சேர்ந்தால் ‘அப்படி ஆனான்’ என்று பொருள் வரும். ‘சே பூசோ நெர்வியோசோ’ பதற்றமானான், ‘சே பூசோ ரோஹோ’ முகம் சிவந்தான், ‘மே பூசே மாலோ’ எனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஆனால் இது வந்து போகும் நிலைகளுக்கான வினை. முகம் சிவக்கும், பிறகு தெளியும். படித்து உழைத்து டாக்டர் ஆவது அசேர்சே. குணமே மாறிப்போவது பொல்வேர்சே. காது கேளாமல் போவது, துணையை இழப்பது போன்று ஒன்று நேர்ந்து அதன் விளைவு தங்கிவிடுவது கெதார்சே. எல்லைகள் சில இடங்களில் கலக்கும், ஆனாலும் இந்த நால்வரையும் பிரித்துவைத்தால் பெரும்பாலான வாக்கியங்கள் சரியாக அமையும்.

சே இல்லாமல், பிறர் நமக்குச் செய்வதாகவும் வரும்: ‘மே போனே நெர்வியோசோ’, அது என்னைப் பதற்றப்படுத்துகிறது.

‘ஆ’ சேர்ந்து இன்னொரு வினை வந்தால் திடீரென்று தொடங்குவது. ‘சே பூசோ ஆ யோரார்’: அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த ஆ-வை விழுங்கிவிட்டால் வாக்கியம் உடைந்துவிடும். வேகமாகப் பேசுகிறவர்கள் வாயில் அது காதில் விழாது. எழுதும்போதுதான் நமக்கு விடுபடும்.

அறிகுறி: பொருள் சரி, வடிவம் தவறு

‘போனோ’, ‘போனீ’, ‘போனீதோ’ என்றெல்லாம் வந்தால் கவலைப்பட வேண்டாம், ஸ்பானியக் குழந்தைகளும் இப்படித்தான் ஒழுங்கு விதியை நீட்டிப் பேசிப் பார்க்கும். இந்த வினை ஒழுங்கில் அடங்காதது. நான் வைக்கிறேன் போங்கோ, வைத்தேன் பூசே, வைத்தான் பூசோ, வைப்பேன் போந்த்ரே, வைத்தது புவெஸ்தோ, ஏவல் போன்.

தனியாக மனப்பாடம் செய்யாமல் உறவுக்காரர்களோடு சேர்த்துப் படியுங்கள். தெனேர், வெனீர், சலீர் மூன்றும் இதே குணம் கொண்டவை: தெங்கோ, வெங்கோ, சால்கோ, தெந்த்ரே, வெந்த்ரே, சால்த்ரே, ஏவலில் தென், வென், சால். ‘செய்யாதே’ என்று தடுக்கும்போது ஏவல் உதவாது. ‘நோ போன்’ தவறு, ‘நோ போங்காஸ்’ சரி. ‘நீ மேசையைத் தயார்செய்ய வேண்டும்’ என்று விருப்பம் சொல்லும்போதும் அதே போங்காஸ்தான்: ‘கியேரோ கே போங்காஸ் லா மேசா’.

சுப்போனேர், ப்ரோப்போனேர், திஸ்போனேர், இம்போனேர் எல்லாம் இதன் கிளைகள். வடிவங்கள் அப்படியே தொடரும்: சுப்போங்கோ, ப்ரோப்பூசே.

அறிகுறி: சரியாகச் சொல்லியும் ‘என்ன?’ என்று கேட்கிறார்கள்

‘போன்தே எல் அப்ரீகோ’ என்பதில் சிக்கல் ஒலியில் இருக்கக்கூடும். ந-வுக்குப் பின் வரும் த-வைத் தமிழ் நாக்கு தானாகவே மென்மையாக்கும். ‘பந்து’ என்பதில் வருவதுபோல. இங்கே ‘பத்து’ என்பதில் வரும் வன்மையான ஒலி வேண்டும். ‘ன்’ போட்டு எழுதியிருப்பது அதற்காகத்தான். போந்த்ரே-யில் மட்டும் ‘பந்து’ ஒலி சரி. போங்கோவில் ‘தங்க’த்தின் ஒலி அப்படியே பொருந்தும். முதலெழுத்து ‘ப’வில் காற்றைத் தள்ளாமல் சொல்வது நமக்கு இயல்பாகவே வரும், ஆங்கிலம் பேசுகிறவர் இதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும்.

அழுத்தமும் பாருங்கள். போனேர், போந்த்ரே இரண்டிலும் கடைசி அசையில் விழ வேண்டும். போங்கோ, பூசே இரண்டிலும் முதல் அசையில். எல்லா அசையையும் சமமாகச் சொல்லும் நம் பழக்கத்தில் இது கரைந்துவிடுகிறது.

அறிகுறி: ஸ்பெயினில் படித்தது மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ எடுபடவில்லை

பெரும்பகுதி எடுபடும், சட்டை போட்டுக்கொள்வது, மேசையைத் தயார்செய்வது, பெயர் வைப்பது எல்லாம் ஒன்றே. மாறுவது சில. டிவியைப் போடுவதற்கு அங்கே ப்ரெந்தேர் அதிகம் வரும். பலகையில் எழுதியிருப்பதைக் கேட்க போனே வராது, ‘கே தீசே?’ என்பார்கள். காபி கேட்க ‘மே தா உன் கஃபே?’, கொலம்பியாவில் ‘மே ரெகாலா’ என்றே கேட்பார்கள், அதற்காக இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்புக்கு முடியாமல் போவது பல நாடுகளில் என்ஃபெர்மார்சே.

பலரைப் பார்த்து ஏவும்போது ஸ்பெயினின் ‘போனெத்’ லத்தீன் அமெரிக்காவில் வழக்கில் இல்லை, எல்லோருக்கும் ‘போங்கான்’தான். அர்ஜென்டினாவில் நண்பனிடம் ‘போன்’ என்பதற்குப் பதில், கடைசி அசையை அழுத்தி ‘போனே’ என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மாட்ரிட்காரர் ‘யா ஏ புவெஸ்தோ லா மேசா’ என்று சொல்லும் இடத்தில், மெக்சிகோக்காரர் ‘யா பூசே லா மேசா’ என்பார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: தட்டெல்லாம் போட்டாச்சு, சாப்பிட வாங்க.